டவர் இல்லாமல் மெசேஜ் போகுமா? 1960-களிலேயே வழி சொன்ன பால் பாரன்!

மொபைல் டவர் சாய்ந்துவிட்டது. அல்லது கேபிள் அறுந்துவிட்டது. அல்லது அரசே இணையத்தை நிறுத்திவிட்டது. கையில் இருக்கும் போன் நன்றாகத்தான் இருக்கிறது, சார்ஜும் இருக்கிறது. ஆனாலும் பக்கத்துத் தெருவில் இருப்பவருக்கு ஒரு மெசேஜ் அனுப்ப முடியவில்லை. ஏன்? பக்கத்துத் தெருவுக்குப் போக வேண்டிய செய்திகூட எங்கோ இருக்கும் ஒரு மையத்துக்குப் போய்விட்டுத்தான் திரும்பி வருகிறது. அந்த மையம் போனால் எல்லாம் போச்சு.

இதற்கு மாற்றாகச் சொல்லப்படுவதுதான் ‘மெஷ் நெட்வொர்க்’. இதில் மையம் என்று எதுவும் கிடையாது. கம்ப்யூட்டர்களும் போன்களும் நேரடியாகத் தங்களுக்குள் கைகோர்த்துக்கொள்ளும். ஒரு கருவி பெறும் செய்தியை அடுத்த கருவிக்குத் தள்ளிவிடும். எந்த வழியாகப் போவது என்பதை அவையே முடிவு செய்யும். இடையில் இருப்பவர் படிக்க முடியாதபடி செய்தி பூட்டப்பட்டிருக்கும். இதைச் செய்யும் இலவச மென்பொருள்கள் இன்று பல இருக்கின்றன.

ஆனால் இந்த யோசனைக்கு வயது 60-க்கும் மேல். அணுகுண்டு பயத்தில் உலகம் தூங்காமல் கிடந்த காலத்தில், ஒரு இன்ஜினீயர் இதைக் காகிதத்தில் வரைந்து, கணக்குப் போட்டு, வேலை செய்யும் என்று நிரூபித்தார். அவர் பெயர் பால் பாரன். அன்றைக்கு உலகின் மிகப் பெரிய டெலிபோன் நிறுவனம் அவரை நம்பவில்லை.

யார் இந்த பால் பாரன்?

1926 ஏப்ரல் 29-ம் தேதி, அப்போது போலந்தில் இருந்த குரோட்னோ நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார் பாரன். அந்த ஊர் இன்று பெலாரஸ் நாட்டில் இருக்கிறது. அவருக்கு 2 வயது இருக்கும்போது, 1928-ல் குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. முதலில் பாஸ்டன், பிறகு பிலடெல்பியா. பிலடெல்பியாவில் அப்பா மளிகைக்கடை வைத்தார்.

அங்கேயே டிரெக்செல் கல்லூரியில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் படித்து 1949-ல் பட்டம் பெற்றார். முதல் வேலை எக்கர்ட்-மாக்லி கம்ப்யூட்டர் நிறுவனத்தில். விற்பனைக்கு வந்த ஆரம்பகால கம்ப்யூட்டர்களில் ஒன்றான யூனிவாக் அங்கேதான் உருவாகிக்கொண்டிருந்தது. அதில் சுமார் 5,000 வெற்றிடக் குழாய்கள். அதற்கான பாகங்களைச் சோதித்துப் பார்ப்பது பாரனின் வேலை. எந்தக் குழாய் எப்போது பழுதாகும் என்று யாருக்கும் தெரியாது. பாகங்கள் பழுதாகத்தான் செய்யும், ஆனாலும் மொத்த இயந்திரம் ஓட வேண்டும். பிற்காலத்தில் அவர் கட்டிய சிந்தனை முழுவதும் இந்த ஒரு சிக்கலைச் சுற்றித்தான் இருந்தது.

1955-ல் திருமணம் ஆனதும் லாஸ் ஏஞ்சலஸ் போனார். ஹியூஸ் விமான நிறுவனத்தில் ரேடார் தகவல்களைக் கையாளும் வேலை. மாலை வகுப்புகளில் சேர்ந்து, 1959-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் முதுகலைப் பட்டமும் வாங்கினார். அதே ஆண்டு சாண்டா மோனிகாவில் இருந்த ‘ராண்ட்’ ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். அமெரிக்க விமானப்படைக்காக ஆராய்ச்சி செய்வது ராண்டின் முக்கியப் பணி.

அணுகுண்டுக்கும் டெலிபோனுக்கும் என்ன சம்பந்தம்?

அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஏவுகணைகளைக் குவித்துக்கொண்டிருந்த நேரம் அது. இரண்டு பக்கமும் ஒரே பயம்: எதிரி முதலில் அடித்துவிட்டால்?

முதல் அடியில் ஏவுகணைகள் தப்பினாலும், கட்டளை அனுப்பும் டெலிபோன் லைன்கள் தப்பாது என்பதை ராண்ட் ஆய்வாளர்கள் கண்டார்கள். அமெரிக்காவின் நீண்டதூர டெலிபோன் அமைப்பு சில பெரிய எக்ஸ்சேஞ்ச்களை நம்பி இருந்தது. அவற்றில் சிலவற்றை அடித்தால் போதும், நாடே ஊமையாகிவிடும். சுடு என்றும் சொல்ல முடியாது, நிறுத்து என்றும் சொல்ல முடியாது. அப்படி ஒரு நிலை வரும் என்று பயப்படும் நாடு, லைன் இருக்கும்போதே முதலில் சுட்டுவிடலாம் என்று நினைக்கக்கூடும். பாரனை உறுத்தியது இந்த ஆபத்துதான்.

இது வெறும் கற்பனை பயம் இல்லை. 1961 நவம்பர் 24-ம் தேதி இரவு, ஏவுகணை எச்சரிக்கை மையங்களுடன் விமானப்படைத் தலைமையகத்துக்கு இருந்த தொடர்பு திடீரென அறுந்தது. தாக்குதலோ என்று குண்டுவீச்சு விமானக் குழுக்கள் உஷார்படுத்தப்பட்டன. கடைசியில் பார்த்தால், கொலராடோவில் ஒரு ரிலே நிலையத்தில் மோட்டார் சூடாகிப் பழுதாகியிருந்தது. தனித்தனி லைன்கள் என்று எல்லோரும் நம்பியவை அத்தனையும் அந்த ஒரே நிலையத்தின் வழியாகத்தான் போயிருந்தன.

வலையை எப்படிப் பின்னினார்?

பாரன் முதலில் எளிமையாகத்தான் ஆரம்பித்தார். நாடு முழுக்க இருக்கும் ரேடியோ நிலையங்களைப் பயன்படுத்தி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தியைக் கைமாற்றலாம் என்றார். ராணுவத்துக்கு அது போதவில்லை. இன்னும் நிறையச் செய்திகள் போக வேண்டும் என்றார்கள். அதன்பிறகுதான் அவர் முழுக்கப் புதிதாக யோசிக்கத் தொடங்கினார்.

மனித மூளை பற்றிய ஆராய்ச்சியில் அவருக்கு ஆர்வம் உண்டு. மூளையில் ஒரு பகுதி அடிபட்டாலும், சில நேரம் வேறு பாதை வழியாக அது வேலையைத் தொடர்கிறது. நெட்வொர்க்கும் அப்படி இருக்க முடியாதா?

அவர் மூன்று வகையான அமைப்புகளைப் படம் போட்டு ஒப்பிட்டார். முதல் வகையில், நடுவில் ஒரு புள்ளி, எல்லாக் கோடுகளும் அதில் சேரும். அந்தப் புள்ளி போனால் கதை முடிந்தது. இரண்டாவது வகையில் ஒன்றுக்குப் பதில் சில மையங்கள், டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி. மூன்றாவது வகை மீன்வலை. ஒவ்வொரு முடிச்சும் பக்கத்து முடிச்சுகளோடு மட்டும் இணைந்திருக்கும். தலைமை முடிச்சு என்று எதுவும் கிடையாது. வலையில் நான்கு கண்ணி அறுந்தாலும் வலை வலைதான்.

சரி, எத்தனை இணைப்பு இருந்தால் வலை தாங்கும்? இதுதான் பாரன் கணக்கிட்ட முக்கியமான விஷயம். எல்லா முடிச்சுகளையும் ஒன்று சேர்ப்பதற்குக் குறைந்தபட்சம் எத்தனை இணைப்புகள் தேவையோ, அதைப்போல் சுமார் மூன்று மடங்கு இருந்தால் போதும் என்று அவருடைய கம்ப்யூட்டர் சோதனைகள் காட்டின. பாதி முடிச்சுகள் அழிந்தாலும், மிஞ்சியவற்றில் பெரும்பாலானவை ஒன்றோடொன்று பேச முடியும். ஆக, உடையவே உடையாத, விலை அதிகமான கருவிகள் தேவையில்லை. மலிவான, சாதாரணக் கருவிகளே போதும். நம்பகத்தன்மையைத் தருவது கருவி அல்ல, பின்னல்.

‘சூடான கிழங்கு’ என்றால் என்ன?

வலை பின்னியாகிவிட்டது. அதில் செய்தி எப்படி வழி கண்டுபிடிக்கும்? வழி சொல்ல நடுவில் ஆள் யாரும் இல்லையே!

இதற்கு பாரன் இரண்டு வேலை செய்தார். முதலாவது, செய்தியைத் துண்டு போடுவது. ஒரு நீளமான கடிதத்தை ஒரே அளவுள்ள போஸ்ட்கார்டுகளில் எழுதி, ஒவ்வொன்றிலும் பெறுபவர் முகவரியைப் போட்டு அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கார்டு எந்த வழியாகப் போனாலும் கவலை இல்லை. போய்ச் சேர்ந்த இடத்தில் வரிசைப்படுத்திக்கொள்ளலாம். பாரனின் திட்டத்தில் ஒவ்வொரு துண்டும் 1,024 பிட் அளவு.

இரண்டாவது, அந்தத் துண்டைத் தள்ளிவிடும் முறை. அடுப்பிலிருந்து எடுத்த கிழங்கு கையில் விழுந்தால் யாரும் பிடித்து வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். உடனே பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளுவார்கள். ஒவ்வொரு முடிச்சும் அதையேதான் செய்யும்: நல்ல வழி காலியாக இருந்தால் அதில் தள்ளு, இல்லையென்றால் அடுத்த நல்ல வழியில் தள்ளு. இந்த முறைக்கு ‘ஹாட் பொட்டேட்டோ’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

நல்ல வழி எது என்று முடிச்சுக்கு எப்படித் தெரியும்? இங்கேதான் அழகு. ஒவ்வொரு துண்டும், தான் எத்தனை கை மாறி வந்தது என்ற எண்ணிக்கையைச் சுமந்துகொண்டு வரும். பாஸ்டனிலிருந்து கிளம்பிய துண்டுகள் இடதுபக்கத்து வீட்டின் வழியாக வரும்போது 4 என்றும், வலதுபக்கத்து வீட்டின் வழியாக வரும்போது 7 என்றும் காட்டினால், பாஸ்டனுக்கு அனுப்ப இடதுபக்கம்தான் குறுக்குவழி என்று முடிச்சு புரிந்துகொள்ளும். யாரும் அதற்கு வரைபடம் தர வேண்டியதில்லை. கடந்து போகும் செய்திகளைப் பார்த்தே அது கற்றுக்கொள்ளும். ஒரு பாதை அழிந்தால் எண்கள் மாறும், முடிச்சின் முடிவும் மாறும்.

கணிதம் படித்த ஷார்லா போம் என்ற புரோகிராமரும் பாரனும் சேர்ந்து இதை ஃபோர்ட்ரான் மொழியில் எழுதிக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தார்கள். வலையின் பாதி ஒரே நொடியில் அழிந்தாலும், மீதிப் பாதி ஒரு விநாடிக்குள் தன்னைத் தானே சரிசெய்துகொண்டு செய்தியைக் கொண்டு சேர்ப்பதை அந்தச் சோதனை காட்டியது.

ரகசியத் திட்டத்தை ஏன் வெளியிட்டார்?

1964-ல் இந்த ஆய்வுகள் பல தொகுதிகளாக வெளிவந்தன. ஆச்சரியம் என்னவென்றால், ராணுவத்துக்கான திட்டம் என்றாலும் பெரும்பாலான தொகுதிகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

அதற்கு பாரன் சொன்ன காரணம் இன்றைக்கும் யோசிக்க வைக்கிறது. கட்டளை அமைப்பு பாதுகாப்பாக இருந்தால், பயத்தில் முதலில் சுட வேண்டிய அவசியம் எந்த நாட்டுக்கும் இருக்காது. அப்படியானால் சோவியத்துக்கும் இதே மாதிரி நெட்வொர்க் இருப்பது அமெரிக்காவுக்கும் நல்லதுதானே!

இன்னொரு காரணம் தொழில்நுட்பம் சார்ந்தது. பாதுகாப்புக்கென்றே ஒரு தனித் தொகுதி எழுதியிருந்தார் பாரன். ஒரு அமைப்பின் வரைபடத்தை வெளியிட்டாலே அது ஆபத்தில் சிக்கிவிடும் என்றால், அந்த அமைப்பில் பாதுகாப்பு போதாது என்பது அவர் வாதம். எதிரியின் ஆள் வலைக்குள்ளேயே இருக்கலாம் என்று வைத்துக்கொண்டுதான் வடிவமைக்க வேண்டும். அதனால் செய்திக்கு இரண்டு பூட்டு போட்டார். அனுப்புபவரிலிருந்து பெறுபவர் வரைக்கும் ஒன்று, ஒவ்வொரு முடிச்சுக்கும் அடுத்த முடிச்சுக்கும் இடையில் இன்னொன்று. இன்று வாட்ஸ்அப் திறந்தால் கண்ணில் படும் ‘எண்ட்-டு-எண்ட்’ என்ற சொல்லின் பின்னால் இருப்பதும் இதில் முதல் பூட்டின் கொள்கைதான்.

94 பேர் பாடம் எடுத்தும் மாறாத மனிதர்!

திட்டம் தயார். கட்டுவது யார்? அமெரிக்காவின் நீண்டதூர டெலிபோன் அமைப்பு ஏடி அண்ட் டி நிறுவனத்தின் கையில் இருந்தது. பாரன் அவர்களிடம் போனார், திரும்பத் திரும்பப் போனார்.

அவர்களுக்கு இது விளங்கவே இல்லை. டெலிபோன் என்றால், பேசும் இருவருக்கு இடையில் பேச்சு முடியும்வரை ஒரு லைன் திறந்தே இருக்க வேண்டும். அவர்களின் அத்தனை ஆண்டு அனுபவமும் அதுதான். சிக்னல் நாட்டின் மறுமுனையைத் தொடுவதற்கு முன்பே இந்த முனையில் சுவிட்ச் வேறு வேலைக்குப் போய்விடும் என்று பாரன் விளக்கியபோது, அனுபவசாலி இன்ஜினீயர் ஒருவர் சக ஊழியர்களைப் பார்த்துக் கண்ணை உருட்டினாராம்.

டெலிபோன் எப்படி வேலை செய்கிறது என்று இவருக்குத் தெரியவில்லை என முடிவு செய்த நிறுவனம், அவருக்குப் பாடமே நடத்தியது. மொத்த அமைப்பையும் விளக்க 94 பேர் பேச வேண்டியிருந்தது. அதன்பிறகு, இப்போதாவது உங்கள் திட்டம் ஏன் நடக்காது என்று புரிகிறதா என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டார் பாரன்.

அந்த 94 பேரும் முட்டாள்கள் இல்லை. அன்றைய உலகின் மிகச் சிறந்த டெலிபோன் அமைப்பை நடத்தியவர்கள். ஆனால் ஆளுக்கு ஒரு பகுதிதான் தெரியும். மையமே இல்லாமல் ஒரு நெட்வொர்க் இருக்கலாம் என்பதை, மையத்தையே சொந்தமாக வைத்திருந்தவர்களால் ஏற்க முடியவில்லை. தங்களுக்கே போட்டியை வளர்த்துவிடுவோமோ என்ற கவலையும் அங்கே இருந்தது.

கையில் வந்ததை ஏன் விட்டார்?

1965-ல் ராண்ட் நிறுவனம் திட்டத்தை விமானப்படைக்கு முறையாகப் பரிந்துரைத்தது. விமானப்படைக்கும் சம்மதம்தான். ஆனால் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை குறுக்கே வந்தது. இனி இதுபோன்ற வேலைகளைப் பாதுகாப்புத் தொடர்பு ஏஜென்சிதான் செய்யும் என்றது. அங்கே டிஜிட்டல் தொழில்நுட்பம் தெரிந்த ஆட்கள் போதுமான அளவில் இல்லை.

1966-ல் பாரன் எடுத்த முடிவு பலரையும் ஆச்சரியப்படுத்தும். திட்டத்தை நிறுத்தி வைக்கும்படி அவரே கேட்டுக்கொண்டார். தெரியாதவர்கள் அரைகுறையாகக் கட்டி அது தோற்றால், யோசனையே தவறு என்று உலகம் முடிவு கட்டிவிடும். பிறகு சரியான ஆட்கள் வந்தாலும் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். அதைவிடக் காத்திருப்பது மேல் என்று நினைத்தார். பல ஆண்டு உழைப்பைத் தன் கையாலேயே மூடி வைத்தார்.

காத்திருப்பு வீண் போகவில்லை. பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் டொனால்ட் டேவிஸ் என்பவர், பாரனின் வேலை பற்றித் தெரியாமலேயே 1965-ல் இதே போன்ற யோசனைக்கு வந்தார். செய்தித் துண்டுக்கு ‘பாக்கெட்’ என்று பெயர் வைத்தவர் அவர்தான். 1967 அக்டோபரில் அமெரிக்காவின் கேட்லின்பர்க் நகரில் நடந்த மாநாட்டில், டேவிஸின் குழுவைச் சேர்ந்த ரோஜர் ஸ்காண்டில்பரி பாரனின் ஆய்வுகளைக் குறிப்பிட்டுப் பேசினார். அர்பாநெட் திட்டத்தை வடிவமைத்துக்கொண்டிருந்த லாரி ராபர்ட்ஸ் அதைக் கேட்டார். பிறகு பாரனிடமும் ஆலோசனை பெற்றார். 1969 அக்டோபர் 29-ல் அர்பாநெட்டில் முதல் செய்தி போனது. இணையத்தின் மூதாதை அதுதான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இணையம் அணுகுண்டைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்டது என்று பலரும் சொல்வார்கள். அர்பாநெட்டின் நோக்கம் அது இல்லை. ஆராய்ச்சி நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களைப் பகிர்ந்து பயன்படுத்துவதற்காகக் கட்டப்பட்டது அது. அணுகுண்டைத் தாங்க வேண்டும் என்று வரையப்பட்டது பாரனின் வலை. இரண்டும் சந்தித்த இடத்தில்தான் இந்தக் கதை பிறந்தது. பாரனும் இணையத்தைத் தானே கண்டுபிடித்ததாக உரிமை கொண்டாடியதில்லை. பலர் ஆளுக்கொரு கல் வைத்துக் கட்டியது என்பதே அவர் நிலைப்பாடு.

தெருவிளக்குக் கம்பத்தில் ஒரு வலை

பாரன் அதோடு நிற்கவில்லை. 1966-லேயே அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் ஆஜராகி, கம்ப்யூட்டர்களில் தனிமனிதர் தகவல்கள் குவிவதால் வரப்போகும் ஆபத்தை எச்சரித்தார். 1968-ல் எதிர்காலவியல் ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். பிறகு வரிசையாகப் பல நிறுவனங்களை உருவாக்கினார்.

அவற்றில் ஒன்று 1985-ல் தொடங்கிய மெட்ரிகாம். அதன் ‘ரிக்கோஷே’ சேவை 1990-களில் அமெரிக்க நகரங்களுக்கு வந்தது. தெருவிளக்குக் கம்பங்களில் சின்னச் சின்ன ரேடியோ பெட்டிகள். லேப்டாப்பிலிருந்து கிளம்பும் செய்தி கம்பத்துக்குக் கம்பம் தாவிப் போய்ச் சேரும். மீன்வலைதான், ஆனால் இந்த முறை காற்றில்! வியாபாரம் கைகொடுக்கவில்லை. 2001-ல் நிறுவனம் திவாலாகி, சேவை நின்றுபோனது.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். அதே ஆண்டு செப்டம்பர் 11-ல் நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன. பக்கத்தில் இருந்த பெரிய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கட்டடம் கடுமையாகச் சேதமடைந்து, அந்தப் பகுதியில் போன் இணைப்புகள் செத்துப்போயின. கம்பங்களில் அணைந்து கிடந்த ரிக்கோஷே பெட்டிகளை, நிறுவனத்தின் முன்னாள் ஊழியர்கள் மீண்டும் உயிர்ப்பித்தார்கள். மீட்புப் பணியில் இருந்தவர்களுக்கு அந்த வலை உதவியது.

இன்று என்ன நிலைமை?

2011 மார்ச் 26-ம் தேதி கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் பாரன் காலமானார். வயது 84. அவர் வரைந்த வலை இன்று பல வடிவங்களில் இருக்கிறது. ஸ்பெயினின் கேட்டலோனியா பகுதியில் ‘குய்ஃபி நெட்’, ஜெர்மனியில் ‘ஃபிரைஃபுங்க்’ என மக்களே கூடி நடத்தும் நெட்வொர்க்குகள் இருக்கின்றன. 2014-ல் ஹாங்காங் போராட்டத்தின்போது, போனிலிருந்து போனுக்கு நேரடியாகச் செய்தி தாவும் செயலியைப் பலர் பயன்படுத்தினார்கள். ‘சிஜேடிஎன்எஸ்’, ‘இக்ட்ராசில்’ போன்ற மென்பொருள்களில் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனக்கான சாவியைத் தானே உருவாக்கும். அந்தச் சாவியிலிருந்தே அதன் முகவரியும் பிறக்கும். முகவரி தர, அடையாளம் சரிபார்க்க மேலே ஒரு அலுவலகம் தேவையில்லை.

குறைகளும் உண்டு. கை மாற மாற வேகம் குறையும். பக்கத்தில் ஆள் இல்லாத இடத்தில் வலையே பின்ன முடியாது. போனின் பேட்டரியும் சீக்கிரம் தீரும். அதனால்தான் நாம் வசதியைப் பார்த்து, பெரிய நிறுவனங்களின் டேட்டா சென்டர்களையே நம்புகிறோம். அடியில் ஓடும் இணையம் இன்றும் செய்தியைத் துண்டு துண்டாகத்தான் அனுப்புகிறது, வழியும் தேடிக்கொள்கிறது. ஆனால் அதன்மேல் நாம் கட்டியிருப்பது பாரன் வரைந்த முதல் படத்தைப் போலவே ஆகிவிட்டது: நடுவில் ஒரு புள்ளி, எல்லாக் கோடுகளும் அதில்.

எது உடையும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. அதனால் எது உடைந்தாலும் ஓடுகிற மாதிரி கட்டு என்பதுதான் பாரன் விட்டுச்சென்ற பாடம். அடுத்த முறை ஒரே ஒரு சர்வர் படுத்து, பாதி உலகத்துக்கு ஆப்கள் திறக்காமல் போகும்போது, அந்த மீன்வலைப் படம் கொஞ்சம் ஞாபகத்துக்கு வரட்டும்.